கிண்டி குதிரைப் பந்தயக் கழகம்: ஊழல் புகாரும் ஏகபோக அதிகாரமும்

கேள்வி இதுதான்: சென்னை கிண்டியில் இயங்கிவந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் போன்ற மேட்டுக்குடிக் கழகங்களின் மீது ஊழல், ஏகபோகம் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் திரும்பத் திரும்ப எழுவதற்கு என்ன காரணம், அவற்றில் உண்மை எவ்வளவு?

இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் விடை கிடைக்காது என்பது என் கருத்து. பந்தயத்தில் முறைகேடு நடந்ததா, கணக்கில் தவறு உண்டா, அரசு நிலத்துக்கு உரிய வாடகை தரப்பட்டதா என்பவையெல்லாம் ஆதாரம் காட்டி நிறுவ வேண்டிய தனித்தனிப் புகார்கள். ஆனால் அவற்றை யார் விசாரிப்பது என்று கேட்கும்போது, பந்தயத்தை நடத்தும் அதே கழகத்திடமே பெரும்பாலும் வந்து நிற்கிறோம். இந்த அமைப்பு முறைதான் புகார்களுக்கு உயிர் கொடுக்கிறது. எந்தப் புகாரையும் ஐயமற மறுக்கவோ நிறுவவோ முடியாமல் செய்வதும் இதுவே.

இந்தியாவில் ஒரு குதிரை ஓடுவதற்கு முன் என்னென்ன வாசல்களைக் கடக்க வேண்டும் என்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். முதலில் அக்குதிரையின் பிறப்பும் மரபும் நாட்டின் வம்சாவளிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது புனேயில், மும்பைக் கழகமான ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப்பின் கீழ் இயங்கும் அமைப்பு. குதிரையின் உரிமையாளரைக் கழகம் ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சியாளருக்கும் குதிரையை ஓட்டும் ஜாக்கிக்கும் உரிமம் தருவது கழகம். குதிரை எவ்வளவு எடையைச் சுமந்து ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஹேண்டிகேப்பர் கழகத்தின் ஊழியர். ஓட்டத்தைக் கண்காணித்து முடிவை உறுதி செய்யும் ஸ்டீவர்டுகளைக் கழகமே அமர்த்துகிறது. பந்தயப் பணம் குவியும் டோட் என்னும் டோட்டலைசேட்டரை நடத்துவதும், தனியாகப் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் தருவதும் கழகம்தான். தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால் அதைக் கேட்கும் குழுவை அமைக்கும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது.

சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை, கொல்கத்தா ஆகிய ஐந்து நகரங்களின் கழகங்களே இந்தியாவில் பந்தய அதிகார அமைப்புகளாக விளங்குகின்றன. அவை ஒன்றின் தண்டனையை மற்றொன்று மதித்து நடைமுறைப்படுத்துகின்றன. சென்னையில் தடை செய்யப்பட்ட பயிற்சியாளர் பெங்களூருவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ள முடியாது. போக்கிரிகளை விலக்கி வைக்க இந்த ஏற்பாடு பயன்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதே சமயம், தவறாகத் தண்டிக்கப்பட்டவனுக்கு நாடு முழுவதிலும் பிழைப்பு அடைபட்டுப் போகிறது என்பதும் உண்மை. ஏகபோகம் என்ற சொல்லின் கனத்தை உண்மையில் சுமப்பவர்கள் சீமான்களாகிய உரிமையாளர்கள் அல்லர். மாதச் சம்பளத்துக்கும் ஓட்டக் கூலிக்கும் உழைக்கும் ஜாக்கிகளும் லாயத்தில் வேலை செய்யும் சாயிஸ்களுமே.

இந்த அமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1750-ஆம் ஆண்டு வாக்கில் தோன்றி நியூமார்க்கெட்டில் வேரூன்றிய ஜாக்கி கிளப், உயர்குடியினர் தமக்குள் பந்தயம் வைத்துக்கொள்ள அமைத்த தனியார் சங்கம்தான். காலப்போக்கில் அதன் விதிகளே நாட்டின் பந்தய விதிகளாயின. அதற்கு நியாயமான முகமும் உண்டு. 1791-இல் வேல்ஸ் இளவரசரின் எஸ்கேப் என்ற குதிரை ஒரு நாள் தோற்று மறுநாளே வென்றபோது, அதை ஓட்டிய ஜாக்கி சாம் சிஃப்னியின் மீது ஐயம் எழுந்தது. அவரைத் தொடர்ந்து வைத்திருந்தால் இளவரசரோடு எந்தக் கனவானும் பந்தயத்துக்கு வரமாட்டார் என்று கிளப்பின் ஸ்டீவர்டு சர் சார்லஸ் பன்பரி நேரடியாகவே எச்சரித்தார். இளவரசர் நியூமார்க்கெட்டை விட்டு விலகினார். அரச குடும்பத்தின் முகத்துக்கு நேரே இவ்வாறு பேசும் துணிவு அன்றைய அரசாங்கத் துறை எதற்காவது இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் அதே அதிகாரம் நியாயமின்றியும் பாய்ந்தது. புளோரன்ஸ் நேகல் என்ற பெண்மணி பல ஆண்டுகள் குதிரைகளைப் பயிற்றுவித்தும், பெண் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. உரிமம் அவருடைய தலைமை லாய ஊழியர் பெயரில் இருந்தது. ஒரு தொழிலின் வாசலைத் தன் கையில் மட்டுமே வைத்திருக்கும் சங்கம், காரணமின்றி ஒருவரை அதனுள் விடாமல் தடுப்பது பொதுநலனுக்கு முரணாக இருக்கக்கூடும் என்று 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டென்னிங் பிரபு கருதினார். வழக்கை விசாரணையின்றித் தள்ளிவிட முடியாது என்று முடிவானது. அதன் பிறகே கிளப் இறங்கி வந்தது. மாறாக, 1989-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஓக்ஸ் பந்தயத்தில் வென்ற அலிசா என்ற குதிரை, தடை செய்யப்பட்ட பொருளின் தடயம் சிறுநீரில் இருந்ததாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது, உரிமையாளர் ஆகா கான் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் பின்வாங்கியது. ஜாக்கி கிளப் அரசின் அங்கம் அன்று, அதன் முடிவுகளை நீதிப் புனராய்வுக்கு உட்படுத்த இயலாது என்பது தீர்ப்பு. நாடு முழுவதையும் ஆளும் அதிகாரம், ஆனால் பொது அமைப்புக்குரிய பொறுப்பு இல்லை என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது. 2002-இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, குற்றக் கும்பல்களின் ஊடுருவலை ஜாக்கி கிளப் உரிய முறையில் எதிர்கொள்ளவில்லை என்று அதன் முன்னாள் பாதுகாப்புத் தலைவரின் வாய்மொழியையும் சேர்த்துக் குற்றம் சாட்டியது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே, 2006-07 காலத்தில், ஒழுங்குமுறைப் பொறுப்பு தனி அமைப்புகளுக்கு மாறியது. ஜாக்கி கிளப்பிடம் பந்தயத் திடல்களும் சொத்துகளும் மட்டும் எஞ்சின. தாய் வீட்டில் பிரிந்துவிட்ட இந்த இரு பொறுப்புகளும் இந்தியாவில் இன்றுவரை ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

கிண்டிக்கு வருவோம். அங்கே 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்திருக்கிறது. கழகம் உருவானது 1896-இல். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவே அதை ஆள்கிறது. பெரும் எண்ணிக்கையில் குதிரைகளை வைத்திருப்பவர்களே இத்தகைய குழுக்களில் செல்வாக்குப் பெறுவது இயல்பு. மறைந்த எம்.ஏ.எம். ராமசாமி அவர்கள் நாட்டிலேயே மிகப் பெரிய குதிரை உரிமையாளர்களுள் ஒருவராக இருந்தார். கிளாசிக் எனப்படும் முதன்மைப் பந்தயங்களில் பெற்ற நூற்றுக்கணக்கான வெற்றிகளுக்காகப் புகழ்பெற்றவர். அவரே பல ஆண்டுகள் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் இருந்தார். அவர் மீது குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. குதிரைகளின் மீது உண்மையான பற்றுடன் சொந்தப் பணத்தைக் கொட்டியவர்கள் இல்லாமல் இந்தப் பந்தயம் நிலைத்திருக்காது. ஆனால் ஒரு சங்கத்தின் விதிப்படி, அதிகமாகப் போட்டியிடுபவரே நடுவர்களை அமர்த்தும் குழுவுக்குத் தலைமை தாங்கவும் முடியும் என்றால், அவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும் தோற்றவனுக்கு ஐயம் எழாமல் இருக்காது.

அந்த ஐயத்துக்குப் பந்தயத்தின் உள்ளமைப்பும் இடம் தருகிறது. பெரும்பாலான ஓட்டங்கள் ஹேண்டிகேப் முறையில் நடப்பவை. நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை, தோற்கும் குதிரைக்குக் குறைந்த எடை. அதனால் ஒரு குதிரையைச் சில ஓட்டங்களில் வேண்டுமென்றே பின்னால் விட்டு, மதிப்பீட்டைக் கீழே இறக்கி, எளிய பிரிவில் லேசான எடையுடன் ஓடும் நாளில் பெருந்தொகை வைத்து வெல்லும் தந்திரம் இவ்விளையாட்டு அளவுக்கே பழையது. ஜாக்கி குதிரையை இழுத்துப் பிடித்தாரா, அல்லது அதற்கு அன்று ஓட மனமில்லையா என்பதை வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அளவுகோல் வைத்து அளக்க முடியாத தீர்ப்பு இது. பந்தயப் பணத்தின் போக்கையும் குதிரையின் முந்தைய ஓட்டங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும், குதிரைகளில் எந்தப் பங்கும் இல்லாத விசாரணையாளர் ஒருவரே இதைச் செய்யத் தகுந்தவர். கழகங்கள் ஊதியம் பெறும் ஸ்டீவர்டுகளை அமர்த்தியிருப்பது முன்னேற்றம்தான்; ஆனால் அந்த ஊதியத்தைத் தருவதும் கழகம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பண விஷயத்தில் டோட்டுக்கும் புக்கிக்கும் வேறுபாடு பெரிது. டோட்டில் எல்லோர் பணமும் ஒன்றாகத் திரண்டு, வரியும் கழகத்தின் கழிவும் போக மிச்சம் வென்றவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு சீட்டும் இயந்திரத்தில் பதிவாவதால் மறைக்க இடம் குறைவு. புக்கியோ தன் பொறுப்பில் விலை, அதாவது வென்றால் எத்தனை மடங்கு தருவேன் என்பதை, சொல்லிப் பணம் வாங்குகிறார். 2024 ஜனவரியில் பெங்களூரு டர்ஃப் கிளப்பில் அந்நகரின் மத்தியக் குற்றப்பிரிவுக் காவல்துறை புக்கிகளின் கவுண்ட்டர்களைச் சோதனையிட்டு மூன்று கோடி ரூபாய்க்கு மேல் பறிமுதல் செய்தபோது எழுப்பிய குற்றச்சாட்டும் இதைப் பற்றியதே: வாங்கிய பணத்துக்கு உரிய ரசீது தராமல் வரி ஏய்க்கப்பட்டது என்பது. அது குற்றச்சாட்டுத்தான், எனினும் கழகத்தின் வளாகத்துக்குள், அதன் அனுமதி பெற்று நடக்கும் தொழிலில் கழகத்தின் கண்காணிப்பு எந்த அளவுக்கு இருந்தது என்ற கேள்வி எழுவதைத் தவிர்க்க இயலாது.

இனி அரசு என்ன செய்தது என்று பார்க்கலாம். தமிழ்நாட்டின் நடத்தை விசித்திரமானது என்றே சொல்வேன். 1949-இலேயே குதிரைப் பந்தயத்தையும் சூதாட்ட வரையறைக்குள் கொண்டுவரச் சட்டத் திருத்தம் இயற்றப்பட்டது. ஆனால் அது 1975 வரை நடைமுறைக்கு வரவில்லை. கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்த காலத்தில், 1974-இல், குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தனிச் சட்டமே வந்தது. கழகம் நீதிமன்றத்துக்குச் சென்றது; உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையின் துணையோடு கிண்டியில் குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு வேறு பாதையில் போனது. கழகத்தின் நிர்வாகச் சீர்கேட்டைக் காரணம் காட்டி, அந்த நிறுவனத்தையே கையகப்படுத்தும் சட்டம் இயற்றியது. ஒழிக்கத்தக்க தீமை என்று 1974-இல் அறிவித்ததை, 1986-இல் தானே எடுத்து நடத்த அரசு முன்வந்தது.

இச்சட்டங்களை எதிர்த்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12 அன்று அளித்த தீர்ப்பு இந்த முரண்பாட்டைக் கவனிக்கத் தவறவில்லை. குதிரையின் மரபு, ஜாக்கியின் திறமை, எடை, ஓடுதளத்தின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியிருப்பதால் இது திறமை மேலோங்கும் ஆட்டம், எனவே சூதாட்டம் அன்று என்பது தீர்ப்பின் ஒரு பாதி. ஒரே ஒரு நிறுவனத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக் கையகப்படுத்துவது சமத்துவத்துக்கு எதிரானது, பொதுநலனுக்கான சொத்துப் பங்கீடு என்ற அரசியல் சாசனப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்பது மறுபாதி. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வீழ்ந்தது. பிற்காலத்தில் ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஓயாமல் மேற்கோள் காட்டியதும் இதே தீர்ப்பைத்தான். கிண்டிக் குதிரைகள் இவ்வளவு தொலைவு ஓடும் என்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்ட நோக்கில் தீர்ப்பு வலுவானது. ஆனால் அதனால் விளைந்த பக்கவிளைவு ஒன்றுண்டு. பந்தயம் நடத்துவது தவறா, கழகத்தை அரசு எடுத்துக்கொள்ளலாமா என்ற இரு கேள்விகளுக்கும் இல்லை என்று பதில் கிடைத்துவிட்டதால், மூன்றாவது கேள்வி, அதாவது கழகத்தை யார் மேற்பார்வையிடுவது என்பது, கேட்கப்படாமலே போயிற்று. பம்பாயில் 1912 முதலும் மைசூரில் 1952 முதலும் பந்தயத் திடல்களுக்கு உரிமம் வழங்கும் சட்டங்கள் உள்ளன. நிபந்தனை விதிக்கவும், மீறினால் உரிமத்தை நிறுத்தவும் அரசுக்கு அவை வழி தருகின்றன. அவற்றாலும் எல்லாம் சீராகிவிடவில்லை என்பதைப் பெங்களூரு காட்டுகிறது. ஆயினும் ஒழுங்குபடுத்துவது என்ற நடுவழி இருந்தும், 1974-இலும் 1986-இலும் தமிழ்நாடு முழுத் தடையையும் முழுக் கையகப்படுத்தலையும் மட்டுமே நாடியது.

பின்னர் பூசலின் களம் நிலத்துக்கு மாறியது. கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம், 1945 ஏப்ரல் முதல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா குத்தகைக்குக் கழகத்திடம் இருந்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாய் கூட வராது. ஒப்பந்தத்தில் வாடகையை உயர்த்த இடமில்லை என்பது கழகத்தின் வாதம். 1970 முதல் சந்தை மதிப்புக்கேற்பத் திருத்திய வாடகையைச் செலுத்த வேண்டும் என்பது அரசின் வாதம். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 2004 வரையிலான பாக்கியாக 730 கோடியே 86 லட்சம் ரூபாயைச் செலுத்தவும், தவறினால் நிலத்தை மீட்கவும் உத்தரவிட்டார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வளாகத்துக்குச் சீல் வைத்தது. 118 ஏக்கரில் பூங்கா அமைக்கும் திட்டத்தையும் அறிவித்தது. அதற்கு முன் ஜூன் மாதத்தில் உதகையிலும், 1978-இலேயே குத்தகை முடிந்துபோன ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட பந்தயத் திடலை, 822 கோடி ரூபாய் பாக்கியைக் காட்டி அரசு மீட்டது.

குத்தகைத் தொகையைக் கேட்டதும் மக்களுக்குக் கோபம் வருவது நியாயமே. அரசு நிலத்தில் இத்தகைய சலுகை ஒரு கழகத்துக்குக் கிடைத்தால், வேறு யாரும் போட்டியாக இன்னொரு பந்தயத் திடலை அமைக்க முடியாது. நகர நடுவில் அவ்வளவு நிலத்தைச் சந்தை விலையில் வாங்கி நடத்தக்கூடிய பந்தயமே இல்லை. இந்த வகையில் ஏகபோகத்தின் அடித்தளமே குத்தகைச் சீட்டுதான். ஆனால் அதைக் கழகத்தின் ஊழல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. வாடகை திருத்தப்பட்டது 1970-இல். நிலம் மீட்கப்பட்டது 2024-இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனையோ ஆட்சிகள் மாறின, எத்தனையோ அதிகாரிகள் அந்தக் கோப்பைப் பார்த்தார்கள். செல்வாக்கு மிக்கவர்கள் உறுப்பினராக உள்ள கழகத்தின் கோப்பு மெதுவாக நகர்வது எதனால் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவே, பந்தயப் பணத்தின் மீது வரி வசூலிப்பதை அரசு ஒருபோதும் நிறுத்தவில்லை. சென்னை மாகாணத்தின் பந்தய வரிச் சட்டம் 1935-ஐச் சேர்ந்தது. 2017 முதல் 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பரில் 40 விழுக்காடானது. வரி இவ்வளவு ஏறினால் சட்டப்படியான டோட்டை விட்டு விலகிக் கள்ளப் புக்கியிடம் பணம் போகும் என்று கழகங்கள் முறையிடுவதில் உண்மை இருக்கிறது. வரியே கட்டாதவன் கூடுதல் விலை தர முடியும் என்பது எளிய கணக்கு. ஹாங்காங் இதை வேறு விதமாகக் கையாண்டது. 1884-இல் தொடங்கிய ஹாங்காங் ஜாக்கி கிளப்பும் மேட்டுக்குடிச் சங்கமே; உறுப்பினரல்லாதவர் அங்கே குதிரை வைத்துக்கொள்ள முடியாது. ஏகபோகத்தை ஒளிக்காமல் சட்டத்திலேயே எழுதி, செலுத்திய பரிசு போக மிஞ்சும் தொகையில் 72.5 முதல் 75 விழுக்காடு வரை அரசு வரியாக எடுத்துக்கொள்கிறது. லாபம் அறப்பணிக்குப் போகிறது. 1986-இல் அங்கே பந்தய மோசடி வெடித்தபோது, ஜாக்கிகளையும் பயிற்சியாளர்களையும் பிடித்தது கிளப்பின் ஸ்டீவர்டுகள் அல்லர். கிளப்புக்குக் கட்டுப்படாத ஊழல் தடுப்பு ஆணையம். என்னைக் கேட்டால் அந்த ஏற்பாட்டில் இந்தியா கற்க வேண்டியது வரி விகிதத்தை அல்ல, இந்தப் பிரிவினையை.

இந்தியாவில் இதற்குச் சட்ட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கிரிக்கெட் வாரியம் விதி செய்பவராகவும் போட்டி நடத்துபவராகவும் ஒரே நேரத்தில் இருந்துகொண்டு தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2013-இல் 52 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2015-இல் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய, 2017-இல் ஆணையம் மீண்டும் அதே முடிவுக்கு வந்தது. வாரியம் அரசின் அங்கம் அன்று, ஆனால் பொதுக் கடமையாற்றுவதால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு உட்படும் என்பது உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் சொன்னது. ஆகா கான் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் அடைத்த வாசலை இந்தியச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது என்பது இதன் பொருள். உரிமம் மறுக்கப்பட்ட பயிற்சியாளரோ, தடை விதிக்கப்பட்ட ஜாக்கியோ இந்தத் தர்க்கத்தை எடுத்துக்கொண்டு கழகத்தின் முன் நிற்க முடியும்.

ஆகவே கேள்விக்கு என் விடை: நிலக் குத்தகை பற்றிய புகாரின் பெரும்பகுதி ஆவணங்களிலேயே இருக்கிறது, ஆனால் அதில் அரசுக்குச் சமமான பங்குண்டு. ஏகபோகம் என்பது குற்றச்சாட்டே அன்று. கழகங்களின் விதிப்புத்தகம் வெளிப்படையாகச் சொல்லும் உண்மை. பந்தய மோசடி பற்றிய புகார்களில் எவை மெய், எவை தோற்றவனின் ஆற்றாமை என்பதை, குதிரையோ உறுப்பினர் அட்டையோ இல்லாத ஒருவர் விசாரித்து, அந்த விசாரணை அறிக்கை வெளியிடப்படும் வரை, கழகத்தின் உள்ளே இருப்பவர்கள் உட்பட யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.